ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த காசு

சனிக்கிழமை காலை 5.25-க்குக் கிளாம்பாக்கத்தில் கடலூர் பேருந்து ஏறினேன். கட்டணம் 190 ரூபாய். கைப்பையில் ஒரு லென்ஸ், குறிப்பேடு, மூக்குக் கண்ணாடிக்கான கூடு, செலவுக்குப் பணம். கடலூரில் நடக்கும் சின்ன நாணயக் கண்காட்சியில் ஒரு ரோமானியக் காசு வாங்குவது, மறுநாள் பிச்சாவரத்தில் படகு ஏறுவது, ஞாயிறு மாலைக்குள் தாம்பரம் திரும்புவது. திட்டம் அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது இப்படிச் சிறு பயணங்கள் போய் எழுதுகிறேன்.

ரோமானியக் காசு என்றால் பொன்னும் வெள்ளியும்தான் பலருக்கு நினைவு வருகிறது. அவை என் கைக்கு எட்டாதவை. ஆனால் அந்தப் பேரரசின் பிற்காலத்துச் செப்புக் காசுகள் சுண்டுவிரல் நகம் அளவில் எக்கச்சக்கமாக அடிக்கப்பட்டவை. தேய்ந்தது ஒன்று ஓர் ஓட்டல் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். ஆயிரத்து அறுநூறு வருடத்துப் பொருளுக்கு அது மலிவு.

இனி வருவதில் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். குப்பத்தின் பெயரை எழுதவில்லை. நேரம், தூரம், விலை ஆகியவை குறிப்பேட்டில் உள்ளபடி.

காலை 9.40. கடலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, 15 ரூபாய். மைதானத்தைத் தாண்டி இரண்டாவது தெருவில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் இன்னும் வாடாமல் நின்றது. உள்ளே பன்னிரண்டு மேசைகள். நுழைவுக் கட்டணம் 20 ரூபாய். ஜார்ஜ் மன்னர் அணாக்கள், ராஜராஜன் செப்புக் காசுகள், பாண்டிச்சேரிப் பிரெஞ்சுத் துட்டுகள், 786 என்று எண் முடியும் ரூபாய் நோட்டுகள். சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தது.

ஏழாவது மேசையில் ‘ரோமன் – 450 முதல்’ என்று அட்டையில் எழுதியிருந்தது. மேசைக்காரர் பாஸ்கர், சிதம்பரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும்.

“எல்லாம் மொத்தமா வாங்குன வெளிநாட்டு லாட்டு மேடம். பல்கேரியாவுல நெலத்த உழுதா கிலோ கணக்குல வருது.”

“பாஸ்போர்ட்டே எடுக்கல, பல்கேரியாங்கிறான்” என்றார் பக்கத்து மேசைக்காரர். அவர் ஜமால். பரங்கிப்பேட்டையிலிருந்து நோட்டுகள் கொண்டுவந்து விற்பவர்.

“மச்சான், நீ உன் நோட்ட பாரு.”

“பாத்துட்டுதான இருக்கேன். எவன் வாங்குறான்?”

உள்ளூரில் கிடைத்தது என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டார். மண்ணில் கிடைத்த பழம்பொருளை அரசிடம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் நானும் பல்கேரியாவை ஏற்றுக்கொண்டு தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஐந்தாவது காசு மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருந்தது. நிறம் கறுப்பு. லேசாக, ஆழமில்லாத கிண்ணம் போல வளைந்திருந்தது. மேல்புறத்தில் வலப்பக்கம் பார்க்கும் ஒரு மன்னர் தலை. நெற்றிப் பட்டம், காதோர முடி, மூக்கு, எல்லாம் கூர்மையாகத் தெரிந்தன. திருப்பினேன். மறுபக்கம் மழுமழுவென்று ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

புழக்கத்தில் தேயும் காசு இரண்டு பக்கமும்தான் தேயும். கை, பை, கல்லாப்பெட்டி எதுவும் பக்கம் பார்த்துத் தேய்ப்பதில்லை. மண்ணில் கிடந்து அரித்திருந்தால் பரப்பு சொரசொரப்பாக இருக்கும். இது கண்ணாடி மாதிரி இருந்தது.

“இது என்ன விலை?”

பாஸ்கர் எட்டிப் பார்த்தார். “அது முந்நூறு குடுங்க, போதும்.”

“மற்றதெல்லாம் நானூற்றைம்பது என்றீர்களே.”

“ஒரு பக்கம் மொழுக்குன்னு இருக்கு. வாங்குறவன் வேணாமா? வந்து மூணு வாரமாகுது மேடம், அது போனா சரி.”

“இதுவும் பல்கேரியாவா?”

அவர் சிரித்தார். “இது பக்கம்தான். கிள்ளையில பழைய இரும்புக்கடைல ஒரு பித்தள டப்பாக்குள்ள இருந்துச்சு. டப்பாவ வித்துட்டேன்.”

ஜமால் கை நீட்டிக் காசை வாங்கி, தன் லென்ஸை வைத்துப் பார்த்தார். மன்னரின் முடி வரிகளுக்குள் வெளிர் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு இரண்டு விரல் நுனியால் பிடித்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

“சந்தனம்” என்றார்.

“இருந்தா இன்னா?” என்றார் பாஸ்கர்.

“ஒண்ணுமில்ல மச்சான். குங்குமம் இருந்தா சாமிக் காசு. மஞ்ச இருந்தா கல்யாணக் காசு. வெறும் சந்தனம் எதுக்கு வெப்பாங்க உங்காளுங்க?”

பாஸ்கர் காசு இருந்த இடம் காலியாகத் தெரியாதபடி தட்டில் மற்றவற்றை நகர்த்தி வைத்தார். நான் 300 ரூபாய் கொடுத்தேன். புதிதாக ஏதாவது வந்தால் படம் அனுப்புகிறேன் என்று என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். காசு அவருடைய சின்னத் தராசில் 1.9 கிராம் காட்டியது. நேரம் 11.35.

பிற்பகல் 2.15. புவனகிரி வழியாகப் போகும் சிதம்பரம் பேருந்து, 44 ரூபாய். காசு சின்னக் காகித உறையில் என் மடியிலிருந்த கைப்பைக்குள் இருந்தது. இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் என் கட்டைவிரல் அந்த வழவழப்பான பக்கத்திலேயே போய் நின்றது. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தபோது ஆற்றில் நீரைவிட மணல் அதிகம். கரையில் ஓரிடத்தில் புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

மாலை 3.50. சிதம்பரம். கீழவீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு வீட்டு மாடி அறை, ஒரு நாளைக்கு 900 ரூபாய். கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் குடும்பம். வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும்.

காசைக் கழுவலாம் என்று அறையிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டேன். சிறிது நேரத்தில் காசிலிருந்து மஞ்சள் நூல் மாதிரி ஒன்று பிரிந்து மேலே வந்தது. அறை முழுக்கச் சந்தன வாசனை. பாக்கெட் சந்தனத்தின் வாசனை இல்லை. கல்லில் இழைத்தது.

5.30-க்குக் காபி கொண்டுவந்த வீட்டுக்காரம்மா டம்ளரை எட்டிப் பார்த்தார். காபியைத் தரையிலேயே வைத்துவிட்டார்.

“இது எங்க வாங்குனீங்க?”

“கடலூரில். கண்காட்சியில்.”

“நெத்திக் காசும்மா இது. வளைவு பாருங்க. நெத்தியில படியுற மாதிரி வளைச்சிருக்காங்க.” தன் நெற்றியின் நடுவைத் தொட்டுக் காட்டப் போனவர், பாதியில் கையை இறக்கிக்கொண்டார். “நாங்க ஒரு ரூபா வெப்போம். சந்தனம் தடவி ஒட்டுவோம். அது அவுங்களோடவே போயிடும். போனது திரும்பி வராது. இது வந்திருக்கு.”

“கழுவி வைத்துவிடுகிறேன்.”

“அந்த டம்ளர நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. எங்களுக்கு வாணாம்.”

இறந்தவரின் வாயில் ஒரு காசு வைத்து அனுப்புவது ரோமானியர்களிடமும் உண்டு. ஆற்றைக் கடக்க வைக்கும் படகோட்டிக்கான கூலி அது. அதைப் படித்திருக்கிறேன். அந்த மாடியறையில், அவர் கீழே இறங்கிப் போன பிறகு, அந்தத் தகவல் எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காசை மேசையில் வைத்திருந்தேன். காலையில் அதே இடத்தில் இருந்தது.

ஞாயிறு காலை 6.50. கைபேசி அழைத்தது. பாஸ்கர்.

“மேடம், அந்தக் காசு இருக்குல்ல? யாருக்கும் குடுத்துடலயே?”

“இருக்கிறது.”

“அப்பாடா. அந்த ஊட்டுக்காரங்க என் வாசல்ல வந்து நிக்கிறாங்க. இரும்புக்கடைல வெசாரிச்சு வந்திருக்காங்க. அது அவுங்க குடும்பத்துக் காசாம். உங்க முந்நூற நான் திருப்பி அனுப்பிடறேன். பேசுங்க.”

ஒரு பெண் குரல். பெயர் வசந்தா என்றார். கிள்ளைக்குப் பக்கத்துக் குப்பம். கடல் தொழில். நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவருடைய தாத்தாவின் அப்பா வலையில் வந்த காசு அது. அன்றிலிருந்து அவர்கள் குடும்பத்தில் யார் இறந்தாலும் அந்த ஒரே காசைத்தான் நெற்றியில் வைப்பார்கள். தூக்குவதற்கு முன் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ரூபாய் வைப்பார்கள்.

“தல இருக்கிற பக்கம் மேல இருக்கணும். அடிப்பக்கத்த சந்தனக் கல்லுல தேய்ச்சாதான் நெத்தியில ஒட்டும். திதிக்குத் திதியும் எடுத்து ஒரு தடவ தேய்ப்போம்.”

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்ததற்கான காரணம் கிடைத்துவிட்டது. அந்த வழவழப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“எங்கப்பா, சித்தப்பாங்க ரெண்டு பேரு, அத்த, சுனாமில போன மூணு பேரு... கணக்கு வெக்கல மேடம். தாத்தா பாத்துக்குவாரு.”

“எந்தத் தாத்தா?”

“காசுல இருக்காரே. அவர நாங்க தாத்தான்னுதான் சொல்றது.”

இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். அவருடைய தம்பி சேகருக்கு நாற்பத்தாறு வயது. முகத்துவாரத்தில் படகு புரண்டு, படகின் விளிம்பு தலையில் அடித்து ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நினைவில்லை. மூக்கில் குழாய். “உயிரு போவாம இழுத்துட்டுக் கெடக்குது மேடம். காசு ஊட்ல இல்ல. எப்பிடிப் போவான்? எதக் காட்டிப் போவான்?”

தம்பியை விட்டு வந்து நேரமாயிற்று, உடனே ஊர் திரும்ப வேண்டும் என்றார். பிச்சாவரத்துக்குக் கிள்ளை வழியாகத்தான் போகவேண்டும். பத்து மணிக்குள் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். காசைத் துடைத்து, உறையோடு கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். டம்ளரையும் எடுத்துக்கொண்டேன்.

காலை 8.35. கிள்ளை போகும் நகரப் பேருந்து. பதினான்கு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சீட்டு மட்டும் உண்டு. இரண்டு பக்கமும் உப்பங்கழியும் இறால் குட்டைகளும். 9.10-க்கு இறங்கினேன்.

மூடியிருந்த ஒரு ஐஸ் கடையின் நிழலில் ஒரு பெண் நின்றிருந்தார். முப்பத்தெட்டு, நாற்பது வயது. செருப்பில்லை. இறங்கியவர்களில் வெளியூர்க்காரி நான் ஒருத்திதான்.

“காசு கொண்டாந்தவங்க நீங்களாக்கா?”

“ஆமாம். நீங்கள்?”

“அஞ்சல. சேகர் சம்சாரம்.” தெருவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். “வசந்தா அண்ணி ஊட்டுக்கு போன் பண்ணி சொன்னத கேட்டேன். அதான் முன்னாடியே வந்து நிக்கிறேன். குடுக்காதீங்கக்கா.”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. “பித்தளை டப்பாவை இரும்புக்கடையில் போட்டது...”

“நான்தான். தெரியாம போட்டுட்டேன்னு சொல்லிருக்கேன். கேனச்சின்னு திட்டுறாங்க. திட்டிட்டுப் போறாங்க. அவர ஆஸ்பத்திரிலேருந்து கொண்டாந்த மறுநாளே போட்டேன்.”

“காசு இல்லாவிட்டால் உயிர் போகாது என்று நீங்களும் நம்புகிறீர்களா?”

“நான் நம்புறனோ இல்லியோ. அவுங்க நம்புறாங்கல்ல? காசு வந்துட்டா நேரம் வந்துருச்சும்பாங்க. கொழாய எடுத்துருவாங்க. கஞ்சித் தண்ணி ஊத்த வுட மாட்டாங்க. காசு இல்லாத வரைக்கும் ஊத்தித்தான ஆவணும்?” குரலை இறக்கினார். “காலையில பேரச் சொல்லிக் கூப்ட்டா கண்ணு தொறக்குறாருக்கா. தெனமும் தொறக்குறாரு.”

செய்தி ஆசிரியர் மேசையில் பல வருடம் நான் மூடநம்பிக்கை என்ற சொல்லைத் தலைப்புகளில் போட்டிருக்கிறேன். அந்த நிழலில் நின்றபோது அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கவில்லை. 1.9 கிராம் செம்பு ஒரு மனிதனுக்குக் கஞ்சி ஊற்றுவதா வேண்டாமா என்பதை உண்மையாகவே தீர்மானித்துக்கொண்டிருந்தது.

“நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று கண்ணாடிக் கூட்டை நீட்டினேன்.

அவர் பின்னால் போனார். “என் கையில இருந்தா நான் வெச்சுருவேன்கா. ஒரு நாளு அவரு மொனகுறத தாங்காம வெச்சுருவேன். ஊட்டுல இருக்கக் கூடாது. ஊருலயே இருக்கக் கூடாது. நீங்க தூரத்து ஆளு.”

என் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு முன்னால் நடந்து, ஒரு திருப்பத்தில் வேறு வழியாகப் போய்விட்டார்.

சுனாமிக் குடியிருப்பில் நான்காவது வரிசை. ஒரே அளவில் கட்டிய கான்கிரீட் வீடுகள். வாசலில் வலை காய்ந்தது. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கட்டில். அதில் சேகர். பெரிய உடம்புக்காரராக இருந்திருக்க வேண்டும். தோள் எலும்பு மட்டும் அந்த அகலத்தில் மிச்சமிருந்தது. மூக்கில் குழாய். கண்கள் திறந்திருந்தன, கூரையைப் பார்த்தபடி. சுவரோரம் ஒரு சந்தனக் கல், பக்கத்தில் சந்தனக் கட்டை, கிண்ணத்தில் தண்ணீர். கல் ஏற்கெனவே நனைத்து வைக்கப்பட்டிருந்தது.

வசந்தா ஐம்பது வயதுக்காரர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். அஞ்சலை சமையலறை வாசலில் நின்று என்னை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“மன்னிக்க வேண்டும்” என்றேன். “காசு வழியில் எங்கோ விழுந்துவிட்டது. தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.”

வசந்தாவின் கைகள் நீட்டியபடியே இருந்தன. “பைய ஒரு தடவ நல்லா பாத்துருங்க மேடம்.”

பையைத் தரையில் கவிழ்த்தேன். லென்ஸ், குறிப்பேடு, டம்ளர், சாவி, பர்ஸ், கண்ணாடிக் கூடு. வசந்தா ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். பர்ஸை நானே திறந்து காட்டினேன். கூட்டைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது.

அப்போது கட்டிலில் லேசான அசைவு. சேகரின் தலை திரும்பவில்லை. கண்கள் மட்டும் கூரையிலிருந்து இறங்கி, சுவர் வழியாகத் தரைக்கு வந்து, கண்ணாடிக் கூட்டின் மேல் நின்றன. நான் பொருள்களைப் பைக்குள் அள்ளினேன். கூட்டைக் கடைசியாக எடுத்தேன். அவர் பார்வை அது பைக்குள் போகும்வரை கூடவே வந்தது. பிறகு என் முகத்துக்கு வந்தது.

அவர் அதைக் கேட்டாரா, வேண்டாம் என்றாரா என்பது எனக்குத் தெரியவில்லை. பார்த்தார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

வசந்தா வாசல் வரை வந்தார். “முதுகெல்லாம் புண்ணு மேடம். நீங்க பாக்கல. திருப்பிப் போடும்போது தோலு துணியோட வருது. நான் தூக்கி வளத்த புள்ள. எத்தினி நாளு இப்பிடிக் கெடப்பான்?” குற்றம் சாட்டும் குரலே இல்லை.

பிச்சாவரம் போகவில்லை. 10.20 பேருந்தில் சிதம்பரம், அங்கிருந்து சென்னை.

தாம்பரத்தில் என் எழுத்து மேசையின் மூன்றாவது இழுப்பறையில் கூட்டை வைத்துப் பூட்டினேன். எனக்குப் புதிதாக ஒரு கூடு வாங்கினேன். அமாவாசைக்கு அமாவாசை அஞ்சலையிடமிருந்து அழைப்பு வரும்.

“பத்தரமா இருக்காக்கா?”

“இருக்கிறது.”

“சரிக்கா.”

அவ்வளவுதான். கைபேசிப் பதிவில் பார்த்திருக்கிறேன்: 9 நொடி, 11 நொடி, 8 நொடி, 9 நொடி. நான்கு அமாவாசை. சேகர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. காசு பத்திரமாக இருந்தது. ஆகவே அவரும் இருந்தார். இப்படித்தான் நானும் நினைக்கத் தொடங்கியிருந்தேன். மதுரைக்கு ஒரு திருமணத்துக்குப் போனபோது வழியில் இழுப்பறையைப் பூட்டினேனா என்ற சந்தேகம் வந்து, செங்கல்பட்டில் இறங்கித் திரும்பிவிட்டேன். பூட்டித்தான் இருந்தது. திறந்து பார்த்தேன். உறைக்குள் சந்தன வாசனை இன்னும் போகவில்லை. எத்தினி நாளு என்று வசந்தா கேட்டதும் இழுப்பறையோடு சேர்ந்தே இருந்தது. யாருடைய பக்கம் நின்றேன், அந்த ஆளுக்கு நல்லது செய்தேனா என்பதை எத்தனை முறை எழுதிப் பார்த்தும் ஒரு வாக்கியமாகச் சொல்ல முடியவில்லை.

ஐந்தாவது அழைப்பு அமாவாசையில் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் வந்தது.

“எடுத்துட்டு வாங்கக்கா.”

“என்ன ஆயிற்று?”

“கேட்டாருக்கா.”

“பேசினாரா?”

“பேசல. கேட்டாரு. ரொம்ப ஜாஸ்தி புடிச்சு வெச்சுட்டேன். நான்தான் புடிச்சு வெச்சிருக்கேன். கொண்டாங்க. நானே வெக்கிறேன்.”

புதன்கிழமை காலை 4.50. சிதம்பரத்துக்கு நேர்ப் பேருந்து, 235 ரூபாய். பழைய கூட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் புதுச்சேரி வரை ஏதோ சிறு வியாபாரம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். என்ன வியாபாரம் என்று நினைவில்லை. 10.00 மணிக்குச் சிதம்பரம். கிள்ளைப் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. ஓடி ஏறினேன். நடத்துநர் இயந்திரத்தில் சீட்டு அடித்துக் கொடுத்தார். நேரம் 10.12 என்று அச்சாகியிருந்தது.

10.45. கிள்ளையில் இறங்கியதுமே சங்கு கேட்டது.

நான்காவது வரிசையில் பந்தல் இன்னும் முழுதாகப் போடவில்லை. ஒரு பக்கம்தான் துணி கட்டியிருந்தது. கட்டில் வாசலுக்கு வந்திருந்தது. மூக்கில் குழாய் இல்லை. யாரோ தாடி மழித்துவிட்டிருந்தார்கள். கூட்டம் என்னைப் பார்த்து விலகாமல் நின்றது. வசந்தா எழுந்தார். என் கையில் இருந்த கூட்டைப் பார்த்தார். அது அன்று அவர் கையால் நகர்த்திய கூடு. அவருக்கு அடையாளம் தெரிந்தது. நான் அவர் திட்டுவதற்காக நின்றேன்.

“தாத்தா வந்துட்டாரு” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “வழி வுடுங்க.”

அஞ்சலை அழவில்லை. காசை வாங்கினார். சந்தனக் கல் முன் உட்கார்ந்து, மன்னர் தலை மேலே இருக்கும்படி விரலால் அழுத்தி, அடிப்பக்கத்தைத் தேய்த்தார். வட்டம் வட்டமாக. கல்லில் செம்பு உரசும் சத்தம் சங்கு நின்ற இடைவெளிகளில் கேட்டது. பிறகு எடுத்துக்கொண்டுபோய்க் கணவரின் நெற்றியில் வைத்தார். அழுத்தவே தேவைப்படவில்லை. அந்த வளைவு அந்த நெற்றிக்காகவே செய்தது போலப் படிந்தது. சேகரின் மூடிய கண்களுக்கு மேலே, ரோம் நகரத்துப் பெயர் தெரியாத ஒரு மன்னர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கடலின் பக்கம்.

வசந்தா என் அருகில் வந்து நின்றார். பொய்யைப் பற்றி அவர் பேசவில்லை.

“எப்ப போனான்னு கேக்கலியா?”

சாவு வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். செய்தி எழுதுபவர்களும் முதலில் கேட்பது அதைத்தான். நான் இழுப்பறையைத் திறந்த நேரம் எனக்குத் தெரியும். கிளாம்பாக்கத்தில் பேருந்து கிளம்பிய நேரம் தெரியும். கிள்ளைப் பேருந்தில் சீட்டு அடித்த நேரம் தெரியும். அவர் போன நேரம் இவற்றில் ஒன்றோடு பொருந்திவிடுமோ என்று பயந்தேன்.

“இல்லை” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுத் தம்பியிடம் திரும்பிப் போனார். தூக்குவதற்கு முன் காசை எடுப்பார்கள். அதுவரை நான் நிற்கவில்லை. முந்நூறு ரூபாய் பாஸ்கரிடமிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் திரும்பிவிட்டது. ஆகவே அந்தக் காசுக்கும் எனக்கும் நடுவில் எதுவும் பாக்கியில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மா இறந்தபோது நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் தேடினோம். யாரோ சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். யார் கொடுத்தது, அதற்கு முன் அது எங்கெங்கே போய் வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைச் சுலபம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

பயணச் சீட்டுகளைக் குறிப்பேட்டில் ஒட்டுவது என் வழக்கம். இயந்திரத்தில் அடிக்கும் இந்தச் சீட்டுகளின் எழுத்து சில மாதங்களில் வெளிறி, கடைசியில் வெறும் வெள்ளைத் தாள் மட்டும் மிஞ்சும். அந்தப் புதன்கிழமைச் சீட்டில் ஊர்ப் பெயர் போய்விட்டது. கட்டணமில்லை என்ற வரியும் போய்விட்டது. 10.12 இன்னும் தெரிகிறது.